சுவரில் நின்றவனையும் சேர்த்து

அலாரம் அடித்தபோது மூன்றாம் மாடி அறையில் இருந்தவர்கள்:

மார்க்கம் நகரிலிருந்து வந்த ஒரு கணவன். அவருடைய மனைவி. நிலத்தில் இருந்து கொப்பியில் கீறிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி. அவளோடு வந்த இரண்டாமவள். மூன்றாமவள். நெஞ்சோடு குழந்தையைக் கட்டியிருந்த ஒரு தகப்பன். அந்தக் குழந்தை. கைத்தடியோடு ஒரு வெள்ளைக்கார அம்மா. வாசலில் நான். சுவரில் அவன்.

பார்க்க வந்தவர்கள் எட்டுப் பேர். அப்படித்தான் நான் முதலில் சொன்னேன். அது பிழை.

இதை எழுதித் தரும்படி கேட்டவர் தர்ஷினி. அவர் அப்போது எங்களுக்குச் சூப்பர்வைசர். இப்போது புதிதாகக் காவல் வேலைக்கு வருகிற உங்களுக்கு அவர்தான் பயிற்சி கொடுக்கிறார். "மனுவல் புத்தகத்தில இருக்கிறதை நான் சொல்லிக் குடுப்பன், அங்கிள். இல்லாததை நீங்கள் எழுதித் தாங்கோ" என்றார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். எழுத்து அதிகம் வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

பதினாறு வருடம் அந்தக் கலைக்கூடத்தில் நின்றேன். ரொறொன்ரோ நகரின் நடுவில் ஒரு பழைய பணக்காரர் வீடு. பிறகு அதைப் படங்கள் வைக்கிற இடமாக்கினார்கள். மூன்றாம் மாடிக்கு லிஃப்ற் போகாது. ஒரு படிக்கட்டுத்தான். ஒடுங்கியது. அதனால் மேல் அறைக்குள் ஒரே நேரத்தில் இருபது பேருக்கு மேல் விடக்கூடாது.

அதற்காக அந்த வாசலில் நிற்பவருக்கு இரண்டு கிளிக்கர் கொடுப்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற இரும்புச் சாமான். பெருவிரலால் அமத்தினால் எண் ஒன்று கூடும். வலது கை உள்ளே வருபவர்களுக்கு. இடது கை வெளியே போகிறவர்களுக்கு. வலதில் இடதைக் கழித்தால் உள்ளே எத்தனை பேர் என்று தெரியும். கைக்குழந்தையும் ஒரு ஆள். கணக்கு அவ்வளவுதான். எட்டாம் வகுப்புப் போதும்.

எனக்கு வேலை பழக்கியவர் ஒரு கயானாக்காரர். கதைக்கமாட்டார். முதல் நாள் ஒரு வசனம் சொன்னார். படத்தைப் பார்க்காதே, படம் எங்கும் போகாது, ஆட்களைப் பார். ஒரு கிழமை அவர் சொன்னபடி செய்தேன். பிறகு மாரிகாலப் பனி வந்தது. பார்ப்பதற்கு ஆட்கள் இல்லை. படத்தைப் பார்த்தேன்.

அந்த அறையில் படம் ஒன்றுதான். ஆள் உயரம். ஒருத்தன் தனியே நிற்கிறான். பின்னால் தார் பூசியது போல இருட்டு. இடப்பக்கத்தால் வெளிச்சம் வந்து அவன் உடுப்பில் விழுகிறது. முழங்கால்வரை சிவப்பு வெல்வெற் கோட். இடுப்பில் மஞ்சள் பட்டு. ஒரு தோளில் மட்டும் உரோமம் வைத்த போர்வை. கையில் வெள்ளை இறகு செருகிய தொப்பி. ஒரு கைக்கு உறை உண்டு, மற்றக் கைக்கு இல்லை. பக்கத்தில் இருக்கிற சிறிய பலகையில் பரோக் காலம், பதினேழாம் நூற்றாண்டு என்று எழுதியிருக்கும். கீறியவர் தெரியாது. நிற்பவர் தெரியாது. எண்ணெய் வர்ணம்.

வழிகாட்டிகள் ஆளுக்கொன்று சொல்வார்கள். நாடகக்காரன் என்பார்கள். தூதுவன் என்பார்கள். வருகிறவர்கள் உடுப்பைப் பார்ப்பார்கள். ஃபோனில் படம் எடுப்பார்கள். போய்விடுவார்கள். முகத்தில் ஒருவருடைய கண்ணும் அதிகம் நிற்பதில்லை. அவன் வாசலைப் பார்த்தபடி நிற்பான். வாசலில் நான்.

மனைவி செத்த பிறகு வந்த முதல் பெப்ரவரி. ஒரு செவ்வாய்க்கிழமை. பனி கொட்டியது. பத்து மணிக்குத் திறந்தேன். ஐந்து மணிக்குப் பூட்ட வேண்டும். நாள் முழுக்க ஒருவரும் படியேறவில்லை. பூட்டும்போது வலது கை எண்ணை ஒரு துண்டில் எழுதிக் கீழே கொடுக்க வேண்டும். பூச்சியம் என்று எழுதப் போனேன். எழுத முடியவில்லை. இவ்வளவையும் உடுத்துக்கொண்டு காலையிலிருந்து நிற்கிறான். அவனை வைத்துக்கொண்டு ஒருவரும் இல்லை என்று எப்படி எழுதுவது.

வலது கையை ஒருக்கா அமத்தினேன். ஒன்று என்று எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் திறந்தபோது ஆட்கள் வருமுன்னரே அமத்தினேன். பிறகு அது பழகிவிட்டது. லைற்றைப் போடுவேன். "நிக்கிறியோ?" என்று கேட்பேன். ஒருக்கா அமத்துவேன். பிறகுதான் கதவைத் திறப்பேன். இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லாரும் படங்களோடு கதைப்பார்கள். ஒருவரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். நீங்களும் கதைப்பீர்கள். அதில் பிழையில்லை. எண்ணில் கை வைத்தது பிழை.

அவன் ஒருநாளும் வெளியே போவதில்லை. அதனால் பூட்டும் நேரத்தில் வலது கை எப்போதும் இடதைவிட ஒன்று கூடவே நிற்கும். ஒருநாள் தர்ஷினி அதைக் கண்டுவிட்டார்.

"அங்கிள், எண்பத்து மூண்டு, எண்பத்து ரெண்டு. ஒராள் உள்ளுக்கையோ?"

"இல்லைப் பிள்ளை. கிளிக்கர் பழசு. ஒண்டு கூடக் காட்டும்."

"புதுசு ஓடர் பண்ணவா?"

"வேண்டாம். எனக்குக் கைபழகின சாமான்."

"நீங்களும் உங்கட கிளிக்கரும்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அதன்பிறகு ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பிழைக்கு ஒருமுறை நியாயம் சொல்லிவிட்டால் பிறகு அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். சொன்னவனும் பார்க்கமாட்டான்.

இனித் தையல்காரரைச் சொல்ல வேண்டும்.

புதன்கிழமைகளில் முதியவர்களுக்கு நுழைவு இலவசம். ஒரு புதன் எண்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார். வெள்ளைத் தொப்பி. காதில் மெஷின். நேரே படத்துக்குக் கிட்டப் போனார். மூக்கு முட்டும் அளவுக்குப் போனார். ஆங்கிலத்தில் தள்ளி நிற்கச் சொன்னேன். திரும்பி என் சட்டையில் இருந்த பெயரை வாசித்தார்.

"தமிழோ?"

"ஓம்."

"அப்ப தமிழில ஏசுமன் தம்பி. இங்கிலீசில ஏசினா எனக்குக் கோவம் வாறேல்லை."

அப்படித்தான் பழக்கம். யாழ்ப்பாணத்தில் ஐந்து சந்தியடியில் தையல் கடை வைத்திருந்தவர். நான் நானா என்று கூப்பிடுவேன். முஸ்லிம் ஆட்களில் மூத்தவர்களை அப்படித்தான் கூப்பிடுவது. ஒவ்வொரு புதனும் வருவார். படத்தைப் பார்ப்பதில்லை. கோட்டைப் பார்ப்பார்.

"தம்பி, இந்தக் கோட் இவன்ர இல்லை."

"அப்ப ஆற்ற?"

"அது ஆருக்குத் தெரியும். ஆரோ பெரிய உடம்புக்காரன்ர. தோள்மூட்டுத் தையலைப் பாரும், கீழ இறங்கி நிக்குது. கை ரெண்டு விரற்கடை நீளம். முன்பக்கம் எப்பிடி இறுகிப் பிடிக்குது தெரியுமே? பின்னால கொத்தாப் பிடிச்சு ஊசி குத்தியிருக்கினம். படம் கீறுறதுக்காகக் குடுத்த உடுப்பு. கீறி முடிய வாங்கியிருப்பினம்."

"ஊசி தெரியேல்லையே, நானா."

"ஊசி தெரிஞ்சா அது என்ன தையல்காரன்." பிறகு என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "ஏன் சிரிக்கிறீர்? உம்மட கோட்டும் உம்மட இல்லை."

உண்மை. நிறுவனம் தந்த நீலக் கோட். எனக்கு முன் நின்ற ஒருவருடையது. உள்ளே அவருடைய பெயர் தைத்திருந்தது. எட்டு வருடம் போட்டேன். ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு புதன் அவர் அந்தரப்பட்டார். மாரியில் பொழுது கெதியில் சாயும். இரண்டரை மணியளவில் பின்னேரத் தொழுகைக்கு நேரம் வந்துவிடும். இறங்கிப் பள்ளிவாசலுக்குப் போகக் கால் இடம் தராது. படம் தொங்கும் சுவருக்குப் பின்னால் ஒரு ஒடுக்கம் இருக்கிறது. மடக்குக் கதிரைகள் அடுக்கி வைக்கிற இடம். பொதுமக்களை விடக்கூடாது. நான் இரண்டு கதிரையை இழுத்து இடம் விட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு புதனும் அங்கேதான் தொழுவார். ஒடுக்கத்தை ஒட்டிய சிறிய குளியலறையில் முகம் கை கால் கழுவும்போது காது மெஷினைக் கழற்றிப் பையில் வைப்பார். தொழுது முடித்துத்தான் திரும்பப் போடுவார்.

"பற்றரியும் மிச்சம். உம்மட சத்தமும் இல்லை" என்பார்.

ஏன் விட்டேன் என்று பிறகு விசாரணையில் கேட்டார்கள். ஒருநாள் அவர் சொன்னார், தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் ஆட்கள் எல்லாரையும் ஊரைவிட்டுப் போகும்படி சொன்னபோது இரண்டு மணித்தியாலம் தந்தார்கள், கத்தரிக்கோலை எடுக்க விடவில்லை என்று. போகச் சொன்னவர்கள் எங்கள் தமிழ் ஆட்கள். அவர் கோபமாகச் சொல்லவில்லை. கத்தரிக்கோல் எவ்வளவு நீளம் என்று கையை விரித்துக் காட்டினார். அதற்கு அடுத்த கிழமைதான் கதிரையை இழுத்து விட்டேன். விசாரணையில் இதைச் சொல்லவில்லை. வயதானவர், அதனால் விட்டேன் என்றேன்.

தைப்பொங்கல் கழிந்த கிழமை. புதன்கிழமை வந்தபோது சோக்கட்டி கொண்டுவந்திருந்தார். என் தோளில் இரண்டு கோடு கீறினார். "கழட்டித் தாரும். அடுத்த புதன் கொண்டு வாறன்" என்றார். என்னிடம் இரண்டு கோட் இருந்தது. ஒன்றைக் கொடுத்தேன்.

அடுத்த நாள் வியாழன். நான் இருக்கிற ரூஜ் பகுதியிலிருந்து வருகிற பஸ் பனியில் நின்றுவிட்டது. ஒரு மணித்தியாலம் பிந்திப் போனேன். என் அறையை பென் திறந்திருந்தான். பென் பிலிப்பைன்ஸ்காரன். கெட்டிக்காரன், பகிடிக்காரன். கிளிக்கர் இரண்டையும் கையில் தந்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். நான் வாசலில் நின்றேன். ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். படத்தை நிமிர்ந்து பார்க்கவும் நேரமில்லை.

இரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு இறங்கினேன். பென் வந்து நின்றான். இரண்டரைக்குத் திரும்பினேன். வலதில் நாற்பத்தேழு. இடதில் முப்பத்தெட்டு. ஐந்து நிமிடம் போயிருக்காது. அலாரம் அடித்தது.

இந்த இடத்தைக் கவனியுங்கள். ஒன்றரை நிமிடம்தான். என் பதினாறு வருடம் அதற்குள் இருக்கிறது.

ஆட்களைப் படிக்கட்டுக்கு அனுப்பினேன். கணவன் மனைவி. மூன்று பிள்ளைகள். தகப்பனும் குழந்தையும். ஒவ்வொருவருக்கும் இடது கையை அமத்தினேன். கைத்தடி அம்மா முதல் படியில் நின்றுவிட்டார். கீழே பார்க்கிறார், இறங்கமாட்டேன் என்கிறார். புகை மணம் வந்தது. வயர் எரிகிற மணம். சட்டம் என்னவென்றால், ஆட்கள் போன பிறகு காவலாளி அறைக்குள் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். சுவருக்குப் பின்னாலும் பார்க்க வேண்டும். பார்க்கப் போனால் இந்த அம்மா விழுந்துவிடுவார். இவரைப் பிடித்தால் அறையைப் பார்க்க முடியாது.

இடது கையை எட்டாம் முறை அமத்தினேன். எண்ணைப் பார்த்தேன். நாற்பத்தேழு. நாற்பத்தாறு.

ஒன்று கூட. அது அவன். வழமையானதுதான்.

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

எண் எனக்குச் சரியாகத்தான் சொன்னது. ஒருவர் உள்ளே என்று சொன்னது. அதை நம்பாமல் இருக்க நானே என்னைப் பழக்கியிருந்தேன்.

வீதிக்கு மறுபக்கம் போய் நின்றோம். நல்ல குளிர். தர்ஷினி கையில் தாள் செருகிய மட்டையோடு ஒவ்வொரு அறையாகக் கேட்டு எழுதினார்.

"தேர்ட் ஃப்ளோர்?"

"கிளியர்."

"கவுன்ற்?"

"ஒண்டு கூட. உமக்குத் தெரியும்தானே."

"ஓகே, த யூஷுவல்" என்று எழுதிக்கொண்டார்.

தீயணைப்பு வண்டி வந்தது. மேல்மாடியில் ஈரப்பதம் போடுகிற மெஷின் ஒன்று எரிந்துவிட்டது என்று கதைத்தார்கள். நெருப்புப் பெரிதில்லை, புகைதான். அந்த மெஷின் இருக்கும் சிறிய அறை கதிரை அடுக்குகிற ஒடுக்கத்துக்கு அடுத்தது. அப்போதும் எனக்குத் தட்டவில்லை. பென் பக்கத்தில் வந்து நின்றான். கைகளை உரஞ்சிக்கொண்டு சொன்னான், "வேலைக்குப் பிந்தி வாறாய். நெருப்புக்கு மட்டும் நேரத்துக்கு நிக்கிறாய்." ஆங்கிலத்தில் சொன்னான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

பிந்தி வந்தாய்.

லைற்றைப் போட்டது நான் இல்லை. நிற்கிறாயா என்று கேட்டது நான் இல்லை. அமத்தவில்லை. இன்றைக்கு அவனுக்கு அமத்தவில்லை.

அப்படியென்றால் அந்த ஒன்று யார்?

"நான் சாப்பிடப் போன நேரம் ஆர் வந்தது?" என்று பென்னைக் கேட்டேன்.

"நிறையப் பேர். உன்ர கூட்டாளியும் வந்தவர். தொப்பிக்காரர். கையில ஒரு பை. உன்னைக் கேட்டார். சாப்பிடுறாய் எண்டன்."

"வெளியில வந்தவரோ?"

பென் யோசித்தான். அவனுடைய முகம் மாறியது.

வியாழக்கிழமை அவர் வருவதில்லை. அன்றைக்கு வந்தது கோட்டைத் தர. ஒரு நாளில் தைத்துவிட்டார். அடுத்த புதன்வரை பொறுக்க முடியவில்லை. இரண்டரை மணி. அலாரம் கத்துகிறது. காது மெஷின் பையில் இருக்கும்.

பக்கக் கதவுச் சாவி என்னிடம் இருந்தது. வலப்பக்கப் பையில். தொட்டுப் பார்த்தேன். தீயணைப்புக்காரர் எல்லாரும் முன்வாசலில் நின்றார்கள். பக்கக் கதவால் போய், பின்படியால் இரண்டாம் மாடி, அங்கிருந்து மேலே. கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். யாருக்கும் ஒன்றும் தெரியவராது. கிளிக்கர் கதையும் தெரியவராது. கதிரை அடுக்குகிற இடத்தைக் கொடுத்ததும் தெரியவராது.

எனக்கு அறுபத்து நான்கு வயது. புகைக்குள் நானும் விழுந்தால் உள்ளே இரண்டு பேர். மட்டையில் கிளியர் என்று இருக்கும். இரண்டு பேரையும் தேட ஒருவரும் வரமாட்டார்கள்.

ஓடுவது லேசு. எனக்கு ஓடத்தான் விருப்பம். தர்ஷினியிடம் போனேன்.

"பிள்ளை, ஒராள் உள்ளுக்கை."

"வாட்? கிளியர் எண்டு சொன்னனீங்கள்."

"கிளிக்கர் பிழையில்லை. ஒருநாளும் பிழையில்லை. நான் பொய் சொன்னனான்."

"அங்கிள், என்ன சொல்லுறியள்?"

"காலமை காலமை நான் ஒண்டு அமத்துறனான். படத்தில நிக்கிறவனுக்கு. இண்டைக்கு அமத்தேல்லை. கூடின ஒண்டு ஆள்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. பைத்தியக்காரனைப் பார்ப்பது போல ஒரு நொடி. அடுத்த நொடி அது போய்விட்டது. அதனால்தான் அவர் சூப்பர்வைசர்.

"எங்க?"

"படச் சுவருக்குப் பின்னால. கதிரை அடுக்கிற இடம். வயசானவர். தொழுதுகொண்டிருப்பார். காது கேளாது. கூப்பிட்டா வரமாட்டார். தொட்டுச் சொல்ல வேணும் எண்டு சொல்லும்."

அவர் பனிக்குள் ஓடினார். மூன்று பேர் முகமூடியோடு உள்ளே போனார்கள்.

நான் நின்றேன். பெருவிரல் இரண்டும் கிளிக்கரில் இருந்தன. அமத்தவில்லை. மேல் ஜன்னலால் மெல்லிய புகை வந்தது. பக்கத்தில் அந்தத் தகப்பன் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தார். குழந்தை அழவில்லை. நானாவை முன்பு ஒருமுறை ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள், போனார். இந்தமுறை போகச் சொல்ல வேண்டியவன் நான். நான் சொல்லவில்லை. இதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு நின்றேன். வேறொன்றும் நினைக்கவில்லை.

கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கள் மடக்குக் கதிரை. மூக்கைச் சுற்றிக் கரி. தொப்பி தலையில் இருந்தது. இருமிக்கொண்டிருந்தார். இருமுகிறவர் உயிரோடு இருக்கிறார். இடது கையை அமத்தினேன். நாற்பத்தேழு.

அம்புலன்ஸில் ஏற்றும்போது என்னைக் கண்டார். வாயில் ஒக்சிசன் மூடி. பேச முடியாது. நான் பேசினாலும் அவருக்குக் கேட்காது. கையை நீட்டி என் கோட்டின் தோளைப் பிடித்து இரண்டு முறை இழுத்தார். பிறகு மேல்மாடியைக் காட்டினார். தைத்த கோட் மேலே இருக்கிறது, எடுத்துக்கொள் என்கிறார்.

கதவைச் சாத்தினார்கள்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் ஒருமுறை போனேன். பிறம்ரன் நகரிலிருந்து மகன் வந்து பக்கத்தில் இருந்தார். என்னோடு கதைக்கவில்லை. அவர் கதைக்காதது சரி.

நானாவின் கட்டிலுக்குக் கிட்டப் போய், நடந்ததை முழுக்கச் சொன்னேன். மெஷின் காதில் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தார்.

"படத்தில இருக்கிறவனுக்கோ அமத்தினீர்?"

"ஓம்."

"எத்தினை வருசம்?"

"பதினொரு வருசம்."

மகன் என்னை நிமிர்ந்து பார்த்தார். நானா கண்ணை மூடிக்கொண்டார். நித்திரையாகிவிட்டார் என்று நினைத்தேன்.

"தம்பி, அவனை எண்ணினது பிழையில்லை" என்றார். "உம்மை எண்ணேல்லை. அதுதான் பிழை. வாசல்ல நிக்கிறவனும் ஆள்தானே. ஒருநாளாவது உமக்கு அமத்தினீரோ?"

"எனக்கு ஏன் நானா? நான் வேலையாள்."

"அதுதான் சொல்லுறன்." பிறகு இருமினார். மகன் எழும்பித் தண்ணீர் கொடுத்தார். நான் வெளிக்கிட்டேன்.

விசாரணை நடந்தது. ஒரு படிவம் தந்தார்கள். அலாரம் அடித்தபோது அறையில் இருந்தவர்களை ஒவ்வொருவராக எழுது என்று இருந்தது. எழுதினேன். கடைசியில் பேனையைப் பிடித்தபடி இருந்தேன்.

"அங்கிள், படத்தை எழுதாதையுங்கோ" என்றார் தர்ஷினி.

"இல்லை. நானாவை எழுதப் போறன்."

"எழுதுங்கோ." படிவத்தை எட்டிப் பார்த்தார். "கிளிக்கர் பழசு எண்டு சொன்னியள். செக் பண்ணியிருக்க வேண்டியது நான். அதையும் எழுதுங்கோ. மை நேம்."

நான் எழுதவில்லை. அவர் வாங்கித் தானே எழுதினார். அவருக்கும் ஒரு கடிதம் வந்தது, எனக்கும் ஒன்று வந்தது. வேலை போகவில்லை. ஏன் போகவில்லை என்றால், நான் சொன்ன இடத்தில் நானா இருந்தார். கால் மணித்தியாலம் பிந்தியிருந்தால் உயிரோடு இருந்திருக்கமாட்டார் என்று தீயணைப்புக்காரர் அறிக்கையில் எழுதியிருந்தார்கள்.

என்னை மேல்மாடியிலிருந்து எடுத்தார்கள். கீழே, வருகிறவர்களின் மேற்கோட்டை வாங்கித் தொங்கப்போடுகிற இடத்தில் விட்டார்கள். மிச்சம் இரண்டு வருடமும் அங்கேதான். அங்கே எண் உண்டு, ஆனால் தகட்டு எண். கோட்டுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று. பிழை விட இடமில்லை. நாள் முழுக்க மற்றவர்களின் தோள்மூட்டைப் பார்த்தேன். யாருக்குத் தைத்த கோட், யாருக்குத் தைக்காத கோட் என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். புதன்கிழமைகளில் கதவைப் பார்ப்பேன். அவர் வரவில்லை. மகன் பிறம்ரனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஃபோன் எடுத்தால் அவருக்குக் கேட்காது.

தைத்த கோட் கதிரைகளுக்கு நடுவில் பொலித்தீன் பையோடு கிடைத்தது. புகை மணம் போகவில்லை. போட்டுப் பார்த்தேன். தோள் என் தோளில் நின்றது. ஓய்வு பெறும் நாளில் சீருடையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். உங்களில் யாருக்காவது அந்த நீலக் கோட் வந்திருந்தால், தோள் இறுக்கமாக இருந்தால், அது உங்களுக்காகத் தைத்தது இல்லை.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. தனிமை வரும். அது வேலையோடு வருவது. படத்தோடு கதையுங்கள், கதவோடு கதையுங்கள், பாட்டுப் பாடுங்கள். எண்ணில் கை வைக்காதீர்கள். இரண்டு காரியம் ஒரே நேரத்தில் வந்தால் கண்ணுக்கு முன் நிற்பவரைத்தான் கை பிடிக்கும். பிடியுங்கள். ஆனால் பார்க்காமல் விட்டதைப் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள். அறையைச் சுற்றிப் பார்க்கவில்லை என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். மூன்று சொல். வெட்கம் ஒன்றும் இல்லை. பிறகு சொன்னதற்கு வெட்கம் கூட.

சென்ற மாசி மாதம் அந்தப் படத்தைத் திரும்பத் தொங்கப்போட்டார்கள் என்று தர்ஷினி சொன்னார். புகை படிந்ததைத் துடைக்க நெடுநாள் எடுத்ததாம். ஒரு புதன் போனேன். இப்போது எனக்கும் இலவசம். படியில் மூன்று இடத்தில் நின்று ஏறினேன். பனி நாள். வாசலில் ஒரு இளம் பெண் நின்றாள். உங்களில் ஒருத்தி. என்னைத் தெரியாது. நான் நுழைய வலது கையை அமத்தினாள். சத்தம் கேட்டது.

உள்ளே ஒருவரும் இல்லை. அவன் நின்றான். சிவப்பு முன்பைவிடச் சிவப்பாக இருந்தது. பின்னால் இருந்த இருட்டு கொஞ்சம் விலகியிருந்தது. கிட்டப் போனேன். மூக்கு முட்டும் அளவுக்குப் போனேன். வலது கைக்குக் கீழே, முதுகுப் பக்கம், வெல்வெற் கொத்தாக மடிந்திருந்தது. மடிப்பில் ஒரு வெள்ளைப் புள்ளி. கடுகளவு. ஊசித் தலை.

"ப்ளீஸ் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, அங்கிள்" என்றாள் அந்தப் பிள்ளை. தமிழில் சொன்னாள்.

தள்ளி நின்றேன். ஊசியை யாருக்காவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல வேண்டியவர் கார்த்திகையில் பிறம்ரனில் மௌத்தாகிவிட்டார். மகன் ஃபோன் எடுத்துச் சாவுச் செய்தி சொன்னார். இரண்டு வசனம்தான் கதைத்தார். எடுத்ததே பெரிது.

வெகுநேரம் நின்றேன். அவன் வாசலைப் பார்த்தான். வெளிக்கிடும்போது அந்தப் பிள்ளையைக் கேட்டேன்.

"இண்டைக்கு ஆக்கள் வந்தவையோ?"

"இல்லை, அங்கிள். ஸ்நோ. நீங்கள்தான் ஃபர்ஸ்ட்."

"இப்ப உள்ளுக்கை எத்தினை பேர்?"

என் முகத்தைப் பார்த்தாள். பகிடி பண்ணுகிறேன் என்று நினைத்திருப்பாள். ஆனால் ஒழுங்கான பிள்ளை. முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். கழித்தாள்.

ஒன்று.